சுறா எண்ணெய் தீர்ந்துபோன மூன்று வாரங்கள்

அன்றைக்கு டிஸ்பென்சரியில் இருந்தவர்கள் இரண்டு பேர். மருந்து மேஜைக்குப் பின்னால் நான், வாசலில் சீட்டுக் கொடுக்கும் ஆயா ராஜம்மா. இல்லாதவர் டாக்டரம்மா. தகப்பனாருக்கு உடம்பு மோசம் என்று தந்தி வந்து, முந்தின நாள் திருச்சிக்கு ரயிலேறியிருந்தார். அவருக்குப் பதிலாக வரும் டாக்டர் வாரத்தில் ஒரு நாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார் என்று ஏற்பாடு. இல்லாத பொருள் ஒன்றும் உண்டு, சுறா எண்ணெய். பெரிய ஜாடியைச் சாய்த்துவைத்து வடித்தும் அரை அவுன்ஸ் தேறவில்லை.

ராயபுரத்து டிஸ்பென்சரியில் ஏழு வருஷம் கம்பவுண்டராக இருந்துவிட்டு, அடுத்த வாரம் எண்ணூருக்கு மாற்றலாகிப் போகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களைவிட ஆறேழு வயதுதான் மூத்தவன். மருந்து கலப்பதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, பரீட்சை எழுதித்தான் வந்திருக்கிறீர்கள். பரீட்சையில் யாரும் கேட்காத ஒரு விஷயத்தை என் முதல் வருஷத்தில் நான் கற்றுக்கொண்டேன். அதற்கு விலை கொடுத்தது நான் அல்ல.

அப்போது எங்கள் பட்டியலில் பதினோரு குழந்தைகள் இருந்தார்கள். எல்லாருக்கும் மாலைக்கண். பகல் வெளிச்சத்தில் அந்தக் குழந்தைகளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, துள்ளிக்கொண்டு திரியும். “கண்ணு தெரியுதா?” என்று கேட்டால் தாய் “நல்லாத் தெரியுது” என்பாள். டாக்டரம்மா அப்படிக் கேட்க மாட்டார். “விளக்கு வெச்சப்புறம் சோறு போட்டா, பிள்ளை கை நேரா தட்டுக்குப் போகுதா, தேடுதா?” என்று கேட்பார். தாய் சற்று யோசித்து, “தேடுது” என்பாள். பிறகு கண்ணிமையை விலக்கிப் பார்ப்பார். வெள்ளைவிழியில் மினுமினுப்புப் போய், ஓரத்தில் சோப்பு நுரை மாதிரி ஒரு திட்டு இருக்கும். அந்தக் குழந்தைக்கு ஒரு கார்டு போடுவோம். வாரம் ஒரு பாட்டில் சுறா எண்ணெய். பாட்டில் அவர்களுடையது, எண்ணெய் நம்முடையது. வேளைக்கு எவ்வளவு என்று காட்ட, பாட்டிலின் பக்கவாட்டில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை நான் ஒட்டித் தருவேன்.

கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைகளுக்கா மீன் சத்துக் குறைவு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். யுத்தத்துக்கு முன்பு வலையில் சுறா விழுந்தால் ஈரல் வீட்டுச் சட்டிக்குப் போகும். சீமையிலிருந்து மீனெண்ணெய் வருவது நின்று, இங்கேயே காய்ச்சத் தொடங்கியதும் ஈரலுக்கு விலை வந்துவிட்டது. கரையிலேயே ஈரலை நிறுத்து வாங்கிப் போய்விடுவார்கள். நல்ல மீன் சந்தைக்குப் போகும். பிள்ளைகளுக்கு ரேஷன் அரிசிக் கஞ்சியும் ஒரு துண்டுக் கருவாடும். விற்ற ஈரல் எண்ணெயாகி, பாட்டிலில் அவர்களிடமே திரும்பி வந்துகொண்டிருந்தது. அந்த வாரம் அதுவும் வரவில்லை. கிடங்குக்கு ஆள் அனுப்பினேன். சரக்கு வர மூன்று வாரம் ஆகும் என்று சீட்டு வந்தது.

நான் அந்தக் குப்பத்துப் பையன். என் அப்பா கைநாட்டு. எங்கள் தெருவில் பத்தாவது தேறிய முதல் ஆள் நான்தான். மேல்சட்டை போட்டுக்கொண்டு நான் வேலைக்குப் போவதை வாசலில் நின்று பார்ப்பார்கள். பதினோரு தாய்மாரிடம் “எண்ணெய் இல்லை, போய்விட்டு வாருங்கள்” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு கம்பவுண்டராக இருந்தால் சொல்லியிருப்பான். நான் என் பாடப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். சுறாவின் ஈரலில் எடுக்கும் எண்ணெயில் கண்ணுக்கு வேண்டிய சத்து இருக்கிறது என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த எண்ணெய்தான் எங்கள் கரையில் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறதே என்று தோன்றியது. அந்தச் சந்தோஷத்தில் மத்தியானச் சோறுகூட இறங்கவில்லை.

படகுக்குப் பூசும் எண்ணெயைத்தான் சொல்கிறேன். நிறுத்து வாங்குகிறவன் தள்ளிவிட்ட ஈரல்களை ஒரு பீப்பாயில் போட்டு வெயிலில் வைத்துவிடுவார்கள். பத்துப் பதினைந்து நாளில் அது அழுகிக் கரைந்து எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்து மாதக்கணக்கில் வைத்திருந்து படகுப் பலகைக்குப் பூசுவார்கள். பலகை உப்புக்குத் தாங்கும். என் சித்தப்பாவிடம் அப்படி ஒரு பீப்பாய் இருந்தது.

சாயங்காலம் போய்க் கேட்டேன். அவர் வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார்.

“சித்தப்பா, எண்ணெ வேணும்.”

“எத்தினி?”

“பெரிய பாட்டில்ல நாலு.”

“உனுக்கு ஏதுடா படகு?”

“டிஸ்பென்சரிக்கு. கொயந்தைங்களுக்குக் குடுக்க.”

அவர் ஊசியை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது மரத்துக்குப் போடறது நைனா. மனுசன் துண்றதா இது? கலீஜ் புடிச்சது.”

“அதே சுறாதானே சித்தப்பா. அதே ஈரல்தானே. புஸ்தகத்துல போட்டுகீது.”

“புஸ்தகத்துல போட்டுகீதா?”

“போட்டுகீது.”

படித்த பிள்ளை புத்தகத்தைச் சொன்னால் அவர் என்ன செய்வார்? “அப்ப சரி. நீ படிச்சவன், உனுக்குத் தெரியும்” என்று மூடியைத் திறந்துவிட்டார்.

நான்கு மடிப்பு வேட்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினேன். நிறம் கொஞ்சம் கறுப்பு, வாடை கொஞ்சம் அதிகம். மற்றபடி கையில் தொட்டால் அதே வழவழப்பு. பதினோரு பாட்டிலிலும் ஊற்றி அளவுக் காகிதம் ஒட்டினேன். கார்டில் எப்போதும் எழுதுவதையே எழுதினேன்: சுறா எண்ணெய், இரண்டு வேளை, ஒரு வாரம். அதற்குப் பக்கத்தில் ஒரு டிக். பொய் எழுதுவதாக அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் வாங்க வந்தவள் அஞ்சலை. மீன் கூடை சுமக்கிறவள், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இடுப்பில் மூன்று வயது மகள் தேசம்மா. அஞ்சலை பாட்டிலின் தக்கையைத் திறந்து மோந்தாள்.

“இன்னா நைனா, எங்க வூட்டாரு படகாண்ட நிக்கிற மாரி கீது.”

“அதே மீனுக்கா. வாசன கொஞ்சம் தூக்கலா வந்துகீது இந்தத் தடவ.”

“தூக்கலாவா? இத்தக் குடிச்சா எம் பொண்ணு கடல்ல மெதக்கும் போல கீதே” என்று சிரித்தாள்.

வாசலில் ஆயா ராஜம்மா, “கல்யாணத்துக்கு அத்தர் வேணும்னா வேற கடைக்குப் போ. கண்ணு வேணும்னா இத்தக் குடுத்துட்டுப் போ” என்றாள். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும், “பரவாயில்லையா?” என்று கேட்டேன். “பரவால்ல நைனா” என்றார்கள். மூன்று வாரத்தில் கார்டில் மூன்று டிக் விழுந்தது. விளக்கு வைத்த பிறகு கை தட்டுக்குப் போகிறதா என்று நான் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. டாக்டரம்மா இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார்.

மூன்றாவது வாரத்தில் குப்பத்தில் மணல்வாரி கண்டது. தட்டம்மைக்கு எங்கள் பக்கத்துப் பேர் அது. அம்மை கண்ட பிள்ளையை எங்கள் ஜனங்கள் வெளியே கொண்டுவர மாட்டார்கள், மருந்தும் கொடுக்க மாட்டார்கள். வேப்பிலை கட்டி, தண்ணீர் ஊற்றும் நாள்வரை வீட்டோடு வைத்திருப்பார்கள். அதனால் தேசம்மாவுக்கு அம்மை கண்டதே எனக்குத் தெரியாது. தண்ணீர் ஊற்றிய மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்கு அஞ்சலை அவளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா அன்று காலையில்தான் தகப்பனாரின் காரியங்களை முடித்துக்கொண்டு வேலைக்குத் திரும்பியிருந்தார்.

பிள்ளை முகத்தைத் தாயின் தோளில் புதைத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் பட்டால் வீல் என்று அழுதது. டாக்டரம்மா இமையை விலக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, “கார்டு எங்கே?” என்றார்.

நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். “மூணு வாரமா விடாம எண்ணெய் குடிச்சிருக்கே. நல்லவேளை. அப்போ இது சத்துக் குறைவு இல்லை, அம்மையோட வந்த கண்வலி.” கண்ணைக் கழுவி, களிம்பு போட்டு, கட்டுக் கட்டினார். “நாளைக்குக் காலையில கொண்டா.”

தம்பிகளே, அந்த இடத்தில்தான் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். என் கையெழுத்தில் இருந்த மூன்று டிக்கை நம்பி ஒரு டாக்டர் நோயைத் தீர்மானிக்கிறார் என்பது எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. தெரியவில்லை என்று இன்றைக்கு நான் சொன்னால் அது இரண்டாவது பொய். “அம்மா, அது கிடங்கு எண்ணெய் இல்லை” என்று சொல்ல ஆறு வார்த்தைகூட வேண்டாம். வேலை போய்விடும் என்று நினைத்தேன். சட்டை போட்டுக்கொண்டு போன பையன் திரும்பி வருவதைத் தெரு முழுக்கப் பார்க்குமே என்று நினைத்தேன். இன்னொரு மூலையில், சுறா சுறாதானே, எண்ணெய் வேலை செய்துதான் இருக்கும், டாக்டரம்மா சொல்வது போல வெறும் கண்வலியாகத்தான் இருக்கும் என்று ஒரு குரல். அந்தக் குரலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். கார்டை வாங்கி மற்ற கார்டுகளோடு செருகி, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அஞ்சலை வந்தாள். டாக்டரம்மா கட்டை அவிழ்த்தார். நான் கிண்ணத்தில் வெந்நீர் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். குழம்பில் வெந்த மீனின் கண்ணைப் பார்த்திருப்பீர்கள். பச்சையாக இருக்கையில் கண்ணாடியாக இருப்பது, வெந்ததும் வெள்ளையாகிக் கட்டிப்போகும். தேசம்மாவின் இடது கண்ணில் கருவிழி அப்படி இருந்தது. வலது கண் மங்கியிருந்தது, ஆனால் இன்னும் உயிர் இருந்தது.

“இது எப்படி?” என்று டாக்டரம்மா தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். “எண்ணெய் குடிச்ச பிள்ளைக்கு இது வரக் கூடாதே.”

“குடிக்கலைம்மா” என்றேன்.

அவர் திரும்பினார். அஞ்சலையும் திரும்பினாள். ராஜம்மா சீட்டுக் கட்டோடு வாசலில் நின்றாள். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சித்தப்பாவின் பீப்பாய், வேட்டித் துணி, பதினோரு பாட்டில், மூன்று டிக்.

டாக்டரம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காகிதத்தை இழுத்து எழுதிக்கொண்டே, “எத்தனை நாள் அழுகவெச்ச எண்ணெய்?” என்றார்.

“பதினஞ்சு நாள் வெயில்லம்மா. அப்பால ஆறு மாசம் பீப்பால.”

“அதுல ஒண்ணும் இருக்காது. வெயிலும் காத்தும் பட்டா இந்தச் சத்து நிக்காது. வாடை மட்டும்தான் மிஞ்சும்.” எழுதிய காகிதத்தை மடித்தார். “இதைப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டு அஞ்சலை. அந்தச் சத்தையே உடனே ஊசியாப் போடுவாங்க. ராஜம்மா, ஒரு ரிக்‌ஷா கூப்பிடு.” பிறகு என்னைப் பார்த்தார். “இன்னும் பத்துப் பேர் இருக்காங்க. குப்பத்துல மணல்வாரி இருக்கு. நீ இங்கே நின்னு அழுதா அவங்க கண்ணுக்கு யார் பொறுப்பு? ஒவ்வொரு வீடாப் போ. கொடுத்தது மருந்து இல்லைன்னு உன் வாயாலேயே சொல்லு. இன்னிக்கே எல்லாரையும் கூட்டிக்கிட்டு வா.”

அஞ்சலை ரிக்‌ஷாவில் ஏறுமுன், “நேத்தே சொல்லிகிலாம் நைனா” என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பத்து வீடும் போனேன். முதல் வீட்டில் கதவைப் பிடித்துக்கொண்டு திக்கித் திக்கிச் சொன்னேன். மூன்றாவது வீட்டுக்குள் பழகிவிட்டது. நான் கொடுத்தது படகு எண்ணெய், அதில் சத்து இல்லை, பிள்ளையை இப்போதே டிஸ்பென்சரிக்குக் கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். ஒரு வீட்டில் வயதான அம்மாள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, “படிச்சிட்டம்னு திமிரா உனுக்கு?” என்றாள். இன்னொரு வீட்டில் பிள்ளையின் தாய் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது அதைவிடச் சுட்டது.

“எங்களுக்கு மொத வாரமே தெரியும் நைனா, இது படகு எண்ணெதான்னு. ராவுல புள்ள செவுத்துல முட்டிகினுதான் கீது, கொறையவே இல்ல.”

“அப்ப ஏன்க்கா பரவால்லன்னு சொன்னீங்க?”

“நம்ம வூட்டுப் புள்ள ஆசையா குடுக்கறான், நல்லால்லன்னு எப்டி சொல்றது? மனசு நோவும்ல.”

நான் அவர்களுடைய பிள்ளை என்பதால் எனக்கு உண்மை வரவில்லை. வெளியூர்க் கம்பவுண்டர் ஒருவன் அந்த எண்ணெயைக் கொடுத்திருந்தால் மறுநாளே பாட்டிலை அவன் மேஜைமேல் வீசியிருப்பார்கள். நீங்கள் உங்கள் சொந்த ஜனங்களிடையே வேலை பார்க்க நேர்ந்தால், அவர்கள் “பரவாயில்லை” என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தட்டுக்குக் கை போகிறதா என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு மரியாதையாகப் பொய் சொல்ல யாராலும் முடியாது.

கடைசி வீட்டிலிருந்து வரும்போது கரையில் சித்தப்பா எதிரே வந்தார். சேதி அதற்குள் அங்கே எட்டியிருந்தது.

“அந்தச் சின்னப் பொண்ணுக்குக் கண்ணு போச்சாமே.”

“ஒண்ணு போச்சு சித்தப்பா. இன்னொண்ணு தெரில.”

அவர் மணலில் குந்திவிட்டார். “டேய், நீ எண்ணெ வேணும்னு வந்து கேட்ட, குடுத்தேன். புள்ளைங்களுக்குக் கண்ணு தெரில, இன்னா செய்லாம்னு நீ கேக்கவே இல்லியேடா. கேட்டிருந்தா பச்ச ஈரலே குடுத்துருப்பேனே. தெனம் காலைல கரைல வந்துகினுதான கீது. எங்க ஆத்தா அத்த வதக்கிக் குடுத்துதான நாங்கள்லாம் ராவுல கடலுக்குப் போனோம்.”

புத்தகத்தில் எண்ணெய் என்று இருந்தது, நான் எண்ணெய் கேட்டேன். என் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால், எழுதப் படிக்கத் தெரியாத அந்த மனிதர் சரியான மருந்தை என் கையில் கொடுத்திருப்பார்.

டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “வதக்கினது, புளியங்கொட்டை அளவு, ஒரு நாளைக்கு ஒரு தடவை. அதுக்கு மேல வேண்டாம், அதிகமானா அதுவும் கெடுதல்” என்றார். மூன்று வாரத்தில் வர வேண்டிய கிடங்குச் சரக்கு இன்னும் வரவில்லை; அது வரும்வரை சித்தப்பா தினமும் காலையில் பத்து வீட்டுக்கும் பங்கு போட்டு ஈரல் அனுப்பினார். இரண்டாவது வாரம் நான் மாலையில் விளக்கு வைக்கும் நேரமாகப் பார்த்து ஒவ்வொரு வீட்டிலும் போய் உட்கார்ந்தேன். கைகள் தட்டைத் தேடுவது குறைந்துகொண்டு வந்தது. நான்கு பிள்ளைகளுக்கு மணல்வாரி கண்டது. நான்கு பேருக்கும் கண் பிழைத்தது.

அந்தப் பதினோரு கார்டிலும் என் மூன்று டிக்கையும் டாக்டரம்மா என்னையே கோடு போட்டு அடிக்கச் சொன்னார். பக்கத்தில் நான் எழுத வேண்டியிருந்தது: எண்ணெய் கொடுக்கப்படவில்லை. இல்லாததை இல்லை என்று எழுதுங்கள் தம்பிகளே. நம் கையெழுத்தை நம்பி அடுத்த ஆள் தீர்மானம் எடுக்கிறார். வெற்றுக் கட்டம் ஒரு டாக்டரை யோசிக்க வைக்கும், பொய்யான டிக் அவரை யோசிக்க விடாது.

மேலிடத்துக்கு நானே எழுதிக் கொடுத்தேன். கண்டிப்புக் கடிதம் வந்தது, ஒரு வருஷ சம்பள உயர்வு நின்றது. வேலை போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்குப் பயந்தோ, அது நடக்கவே இல்லை.

அஞ்சலை பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். அத்தனை நாளும் கூடை எடுக்கவில்லை. தேசம்மாவின் வலது கண் தெளிந்துவிட்டது. அவள் வீடு திரும்பிய பிறகு ஒருநாள் டாக்டரம்மாவிடம் தைரியம் செய்து கேட்டேன், அன்று மத்தியானமே நான் சொல்லியிருந்தால் இடது கண்ணும் பிழைத்திருக்குமா என்று. நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார். பிறகு, “வலது கண் பிழைச்சது அதே ஊசியிலதானே” என்றார்.

ஒரு மணிக்கு வந்தவளிடம் மறுநாள் ஒன்பது மணிக்கு உண்மையைச் சொன்னேன். இருபது மணி நேரம். அந்த இருபது மணி நேரத்துக்கு அந்த வீடு கொடுத்தது, மூன்று வயதுப் பெண்ணின் ஒரு கண்.